மலைக்கு எந்தப் பக்கம் உங்கள் ஊர்? உள்ளூர் மழையைப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

நீலகிரியின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது அவலாஞ்சி. 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 20 கி.மீ. கிழக்கே இருக்கும் கேத்தியில் 2009 நவம்பரில் ஒரே நாளில் 82 செ.மீ. பதிவானது. அந்த வாரம் குன்னூர், கேத்தி பக்கம் நடந்த மண்சரிவுகளில் பலர் உயிரிழந்தார்கள். இரண்டும் ஒரே மாவட்டம், ஒரே மலை. ஆனால் ஒன்றுக்கு ஆபத்து ஆடியில் வருகிறது, இன்னொன்றுக்கு ஐப்பசி, கார்த்திகையில்.

“எங்க ஊர் மலையடிவாரம், அதனால மழை அதிகம்” என்று பலர் சொல்வார்கள். பாதிதான் உண்மை. மலை பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது. அந்த மாதத்துக் காற்று மலையில் மோதும் பக்கத்தில் ஊர் இருக்கிறதா, மோதிவிட்டு இறங்கும் பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. ஒரே மலை ஜூனில் மழையை மறிக்கும், நவம்பரில் மழையைக் கறக்கும். இதை உங்கள் ஊருக்கு நீங்களே போட்டுப் பார்க்கும் வழியைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையை வைத்துத்தான் விளக்கியிருக்கிறேன். கணக்கு எந்த மலைக்கும் பொருந்தும்.

படி 1: மலை முகட்டைக் கோடாகப் போடுங்கள்

கூகுள் மேப்ஸில் நிலப்பரப்பைக் காட்டும் ‘டெரெய்ன்’ அடுக்கைத் திறந்துகொள்ளுங்கள். கூகுள் எர்த் இருந்தால் இன்னும் நல்லது. அதில் ஒரு கோடு வரைந்தால் அந்தக் கோட்டின் மேல் நிலம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று படமாகவே காட்டிவிடும்.

ஊரை நடுவில் வைத்து இரண்டு கோடு போடுங்கள். ஒன்று தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்கு, இன்னொன்று மேற்கிலிருந்து கிழக்குக்கு. ஒவ்வொன்றும் நூறு கிலோமீட்டராவது நீளட்டும். முகட்டின் உயரம், அது எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, இடையில் திறப்பு உண்டா என்ற மூன்றையும் எழுதி வையுங்கள்.

கோவையை எடுத்துக்கொள்வோம். நேர் மேற்கே பார்த்தால் 1,700 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் வெள்ளியங்கிரி மலை. கொஞ்சம் தென்மேற்காகத் திரும்பினால் மலையே காணாமல் போய்விடும். அங்கே சுமார் 30 கி.மீ. அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் வாய் பிளந்து கிடக்கிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. ஒரே ஊருக்கு இத்தனை முகம் இருப்பதால்தான் கோவை மழை எல்லாரையும் குழப்புகிறது.

படி 2: மாதவாரியாகக் காற்றைக் குறியுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கு, தென்மேற்குக் காற்று. ஆனி, ஆடியில் உச்சம். அம்மியே பறக்கும் என்கிற காற்று இதுதான். அக்டோபர் பாதிக்கு மேல் டிசம்பர் வரை கிழக்கு, வடகிழக்குக் காற்று. ஜனவரி, பிப்ரவரியிலும் கிழக்குக் காற்றுதான், ஆனால் பெரும்பாலும் ஈரம் குறைந்திருக்கும். மார்ச் முதல் மே வரை காற்றுக்குப் பலம் இல்லை. அப்போது நிலத்தின் சூடே மழையைத் தீர்மானிக்கிறது.

விண்டி போன்ற செயலியில் காற்றைப் பார்க்கும்போது தரைமட்டத்தைப் பார்க்காதீர்கள். தரைக்காற்றைப் பள்ளத்தாக்கும் கடற்காற்றும் கட்டடங்களும் இழுத்தடிக்கும். 850 ஹெக்டோபாஸ்கல் என்ற மட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். நம் மலைகளில் மோதுகிற காற்று அந்த அளவில்தான் ஓடுகிறது.

இப்போது படி 1-இல் வரைந்த கோட்டின் மேல் மாதத்துக்கு ஓர் அம்பு போடுங்கள். அம்பு முதலில் உங்கள் ஊரைத் தொட்டுவிட்டு மலைக்குப் போகிறதா, மலையைத் தாண்டி ஊருக்கு வருகிறதா? முதல் வகை மாதங்களுக்கு ‘முகப்பு’, இரண்டாம் வகைக்கு ‘மறைவு’ என்று எழுதிவிடுங்கள். பாலக்காட்டுக்கு ஜூன் முகப்பு. தேனிக்கு அதே ஜூன் மறைவு. குன்னூருக்கு நவம்பர் முகப்பு. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பாதி இரண்டு பருவத்திலும் நனையும். ஆரல்வாய்மொழியைத் தாண்டி வள்ளியூர்ப் பக்கம் போனால் தென்மேற்குப் பருவத்தில் காற்று மட்டும்தான் வரும்.

படி 3: மேகம் எந்த உயரத்தில் பிடிக்கும் என்று கணக்கிடுங்கள்

ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறும்போது அழுத்தம் குறைந்து விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. மேகம் பிடிக்கும் வரை 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி குறையும். ஒரு கட்டத்தில் ஈரத்தைத் தாங்க முடியாமல் நீர்த்துளியாக விடும். அந்த உயரம்தான் மேகத்தின் அடி.

இதைக் கண்டுபிடிக்க எளிய சூத்திரம் உண்டு. வெப்பநிலையிலிருந்து பனிநிலையைக் கழித்து 125-ஆல் பெருக்குங்கள். விடை மீட்டரில் கிடைக்கும். பனிநிலை என்பது காற்றில் உள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை. பெரும்பாலான வானிலைச் செயலிகளில் இருக்கிறது. விமான நிலையங்கள் அவ்வப்போது வெளியிடும் வானிலைக் குறிப்பில் ‘32/22’ என்று சாய்கோடு போட்டு வருவதும் இதே இரண்டு எண்கள்தான்.

ஜூலை மாதத்துப் பாலக்காட்டில் வெப்பநிலை 28, பனிநிலை 25 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 3, மேகத்தின் அடி சுமார் 375 மீட்டரில். எதிரே நிற்கும் மலையோ 1,500, 2,000 மீட்டர். அதாவது மலையின் முக்கால் பங்கு மேகத்துக்குள் இருக்கும். மழைக்குக் கேட்கவே வேண்டாம். அதே நேரத்தில் கோவையில் 33, பனிநிலை 21 என்றால் வித்தியாசம் 12. மேகத்தின் அடி தரையிலிருந்து 1,500 மீட்டர் மேலே. மேலே கருமேகம் ஓடும், கீழே ஒன்றும் விழாது. விழுந்தாலும் வறண்ட காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். ஜூலை மாலையில் மேற்கே மலை முழுக்க மூடியிருக்க, ஊருக்குள் நாலு தூறலோடு நின்றுபோவதற்குக் காரணம் இதுதான்.

படி 4: மழை விழும் இடத்தைத் தேடுங்கள்

அதிக மழை எப்போதும் உச்சிச் சிகரத்தில்தான் என்று நினைக்க வேண்டாம். தொட்டபெட்டா 2,637 மீட்டர். தமிழ்நாட்டின் மிக உயரமான இடங்களில் ஒன்று. ஆனால் மழைக்குப் பேர்போனவை தேவாலா, அவலாஞ்சி, வால்பாறைக்கு மேலே இருக்கும் சின்னக்கல்லாறு போன்ற மேற்கு விளிம்பு ஊர்கள்தான். காற்று முதலில் ஏறும் இடத்திலேயே பெரும்பாலான ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. தொட்டபெட்டாவுக்கு மேற்கே குந்தா மலை முந்திக்கொள்கிறது.

சரிவின் செங்குத்தும் முக்கியம். மேட்டுப்பாளையம் 300 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது, குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல். இடையில் இருக்கும் தூரமோ மிகக் குறைவு. நவம்பரில் கிழக்கிலிருந்து ஈரக்காற்று வந்தால் இந்தச் சரிவில் சட்டென்று ஏறித்தான் ஆக வேண்டும். கல்லாறு, பர்லியாறு வழியாகப் போகும் மலைப்பாதையிலும் ரயில் பாதையிலும் அந்த மாதங்களில் மண் சரிவது ஏன் என்று புரிகிறதா? வடகிழக்குப் பருவத்துக்கு இந்தப் பக்கம்தான் முகப்பு.

சரி, முகட்டைத் தாண்டியதும் மழை கத்தரித்தாற்போல் நின்றுவிடுமா? நிற்காது. துளி கீழே வந்துசேர நேரம் பிடிக்கும். அதற்குள் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். 1,500 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பெருந்துளி வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இறங்கினால் 250 வினாடி. காற்று வினாடிக்கு 15 மீட்டர் என்றால் அதற்குள் அது 4 கி.மீ. கூட நகராது. ஆனால் சாரல் துளி மெல்லியது. வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில்தான் இறங்கும். தரையைத் தொட 1,000 வினாடி ஆகும், அதற்குள் 15 கி.மீ. போய்விடும். பெருமழை முகட்டோடு முடிய, சாரல் மட்டும் அடிவார ஊர்கள் வரை வருவது இதனால்தான்.

கோவை மாவட்டத்தின் தினசரி மழைப் பட்டியலை ஒரு ஜூலை மாதத்துக்கு எடுத்துப் பாருங்கள். சின்னக்கல்லாறு, சின்கோனா, வால்பாறை, சோலையாறு எல்லாம் மேலே நிற்கும். அடுத்து சிறுவாணி அடிவாரம். பீளமேட்டு விமான நிலையம் பல நாள் ஒற்றை இலக்கத்திலோ பூஜ்யத்திலோ இருக்கும். மலை, அடிவாரம், சமவெளி என்ற வரிசை அந்தப் பட்டியலிலேயே கிடைக்கிறது. இதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம்.

படி 5: மறைவுப் பக்கம் ஏன் இவ்வளவு காய்கிறது?

மலையின் அந்தப் பக்கம் ஈரத்தைக் கொட்டிவிட்டது, அதனால் இந்தப் பக்கம் மழை இல்லை என்பது பள்ளிக்கூட விடை. அதில் தவறில்லை, ஆனால் பாதி விஷயம் விட்டுப்போகிறது. இறங்கும் காற்று சூடாகவும் ஆகிறது.

மேலே சொன்ன பாலக்காட்டுக் காற்றையே எடுப்போம். 28 டிகிரியில் கிளம்புகிறது. 375 மீட்டர் ஏறும்போது 24 ஆகிறது. அதற்கு மேல் மேகத்துக்குள் ஏறும்போது, நீராவி துளியாவதில் வெளிவரும் வெப்பம் காற்றுக்கே திரும்பக் கிடைப்பதால் மெதுவாகத்தான் குளிரும். கிலோமீட்டருக்கு நாலரை டிகிரி என்று வையுங்கள். 2,000 மீட்டர் முகட்டில் 17 டிகிரி. மழையாகக் கொட்டிவிட்டு, சமவெளியில் 400 மீட்டர் உயரம் வரை இறங்குகிறது. இப்போது மேகம் கலைந்துவிட்டதால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி வீதம் சூடாகும். கூட்டினால் 32, 33. ஏறின பக்கத்தில் அதே 400 மீட்டர் உயரத்தில் 24 டிகிரியாக இருந்த காற்று இது! நிஜத்தில் எல்லாக் காற்றும் முகட்டை ஏறி இறங்குவதில்லை, வெயிலும் தன் பங்குக்குச் சேரும். ஆனாலும் திசை இதுதான்: சூடு கூடும், ஈரப்பதம் குறையும், மேகம் கரையும்.

மூணாறிலிருந்து மறையூருக்குப் போகிறவர்கள் இதைச் சாலையிலேயே பார்க்கலாம். தேயிலைத் தோட்டத்தில் கொட்டும் மழையில் கிளம்பி, சுமார் 40 கி.மீ.யில் சந்தனக் காட்டுக்கு வந்துவிடுகிறோம். இன்னும் கொஞ்சம் இறங்கினால் சின்னாறு. கேரளத்துக்குள்ளேயே கள்ளியும் முள்மரமும். உடுமலைக்காரர்களுக்கு இது புதிதல்ல.

இலங்கையில் இந்தக் கதை இன்னும் துல்லியமாகத் தெரியும். நடுவில் மலை, இரு பக்கமும் கடல். தென்மேற்குப் பருவத்தில் மேற்குச் சரிவில் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் கொட்டித் தீர்க்கும். மலையைத் தாண்டி இறங்கும் காற்று மட்டக்களப்பில் ‘கச்சான்’ என்ற பெயரில், காய்ந்து சுடச்சுட வீசும். வடகிழக்குப் பருவத்தில் கிழக்குச் சரிவில் இருக்கும் பதுளைக்கு மழை, மேற்குச் சரிவு காயத் தொடங்கும். தேயிலைக்காரர்கள் இதைப் பணமாக்கத் தெரிந்தவர்கள். கிழக்குச் சரிவில் இருக்கும் ஊவாவின் தரமான தேயிலைப் பருவம் ஜூலை முதல் செப்டம்பர், மேற்குச் சரிவில் இருக்கும் திம்புலவின் பருவம் ஜனவரி முதல் மார்ச். இரண்டும் அந்தந்தச் சரிவு மறைவாக மாறி, காய்ந்த காற்று அடிக்கும் மாதங்கள்.

படி 6: கணவாய் இருந்தால் தனியாகக் கணக்கிடுங்கள்

“கணவாய் வழியா மழை வருது” என்பதை நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். கணவாய் வழியாக வருவது முதலில் காற்று. திறப்பில் மலை இல்லை. காற்றை மேலே தூக்க ஆள் இல்லை. நெருக்கமான வாயில் புகுந்து வேகம் பிடித்து, வெளியே வந்ததும் விசிறியாக விரிகிறது. விரியும் காற்று மேலே எழாது, கீழே அமரத்தான் பார்க்கும். அதனால் கணவாய்க்கு நேர் எதிரே இருக்கும் பல்லடம், தாராபுரம் பக்கம் காற்று பேயாக அடித்தாலும் தென்மேற்குப் பருவ மழை சொற்பம்.

கணவாய் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் காற்றாலைகளைப் பாருங்கள். உடுமலை, பல்லடம் பக்கம் நிற்பவை பாலக்காட்டுக் கணவாயின் காற்றுக்கு. தென்காசிப் பக்கம் நிற்பவை செங்கோட்டைக் கணவாய்க்கு. முப்பந்தலில் நிற்பவை ஆரல்வாய்மொழிக்கு. முதலீடு போட்டவர்கள் காற்றை அளந்துதான் நட்டிருக்கிறார்கள். நமக்கு இலவச வரைபடம்.

குற்றாலம் இதில் தனி ரகம். செங்கோட்டைத் திறப்பு குறுகியது, அதை ஒட்டிய மலைகளும் ஆனைமலை அளவுக்கு உயரமில்லை. அதனால் கேரளப் பக்கத்து மேகம் முழுதாக வடிந்துவிடாமல் விளிம்பு வழியே சாய்கிறது. பருவம் களைகட்டும் ஜூன், ஜூலையில் குற்றாலத்திலும் தென்காசியிலும் வெயிலும் சாரலும் மாறி மாறி அடிக்கும். கிழக்கே திருநெல்வேலிக்குப் போனால் அதே நேரத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும்.

படி 7: பள்ளத்தாக்கின் வாய் எந்தத் திசை?

பள்ளத்தாக்கு காற்று வரும் திசைக்கு வாய் திறந்திருந்தால், உள்ளே புகுந்த காற்று போகப் போக நெருக்கப்பட்டு மேலே எழுந்தாக வேண்டும். பெருமழைக்கு இதைவிட வசதியான அமைப்பு இல்லை. மேகாலயாவில் சிரபுஞ்சியும் மவுசின்ராமும் இப்படித்தான். தெற்கே வங்கதேசச் சமவெளியைப் பார்த்துத் திறந்த ஆழமான பள்ளங்களின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கின்றன. மவுசின்ராமின் ஆண்டுச் சராசரி 11,000 மி.மீ.க்கும் மேல். அதே பீடபூமியில் கொஞ்சம் வடக்கே தள்ளி இருக்கும் ஷில்லாங்குக்கு அதில் கால் பங்குகூடக் கிடைப்பதில்லை.

வாய் எதிர்த்திசையில் இருந்தால் உள்ளே மழை மறைவுதான். அட்டப்பாடியில் மேற்கே முக்காலிப் பக்கம் அடர்ந்த ஈரக்காடு, கிழக்கே ஆனைகட்டியை நெருங்க நெருங்க வறண்ட நிலம். ஒரே பள்ளத்தாக்கு.

பருவக்காற்று ஓய்ந்திருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் வேறு விதி. பகலில் மலைச்சரிவு சூடாகி, காற்று பள்ளத்திலிருந்து சரிவு வழியே மேலே ஏறும். பிற்பகலில் முகட்டின் மேல் மேகம் குவியும், மூன்று நான்கு மணிக்கு இடி. ஏற்காடு, கொல்லிமலை, ஜவ்வாது மலையில் கோடை மழை முதலில் தொடங்குவது இப்படித்தான். அப்புறம் மேல்காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கத்துச் சமவெளிக்கு மாலையில் மழை. இரவில் எல்லாம் தலைகீழ்: குளிர்ந்து கனத்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் உறைபனி மேட்டில் விழுவதைவிடத் தலைக்குந்தா போன்ற தாழ்வான இடங்களில் அதிகம் விழுவதற்கு இதுவே காரணம்.

படி 8: மரங்களைப் பாருங்கள்

மழைமானி இல்லாத இடத்தில் காடுதான் மழைமானி. கூடலூரிலிருந்து தெப்பக்காடு வழியாக மசினகுடிக்கு வண்டியில் போகும்போது கைபேசியை வைத்துவிட்டு வெளியே பாருங்கள். கூடலூரில் ஈரம் சொட்டும் மரங்களும் மூங்கிலும், முதுமலையில் தேக்கு, மசினகுடியைத் தாண்டி கிழக்கே போகப் போக மரம் குட்டையாகி, முள் கூடி, இடையிடையே மண் தெரியத் தொடங்கும். ஒரு நாள் மழை ஏமாற்றலாம். நூறு வயது மரம் ஏமாற்றாது. நிலம் வாங்கப் போகிறவர்கள் தரகர் சொல்லும் மழைக்கணக்கை விட்டுவிட்டு, தானாக வளர்ந்து நிற்கும் மரங்களைப் பார்ப்பது உத்தமம்.

படி 9: அளந்து சரிபாருங்கள்

பக்கவாட்டுச் சுவர் நேராக இருக்கும் எந்தப் பாத்திரமும் போதும். திறந்தவெளியில் வையுங்கள், பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால் அதன் உயரத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு தூரம் தள்ளி. தரையில் அப்படியே வைத்தால் தெறிக்கும் தண்ணீரும் கணக்கில் சேர்ந்துவிடும். வாய் ஓர் அடி உயரத்தில் இருக்கட்டும். தினமும் காலை 8.30-க்கு அளந்து எழுதுங்கள். வானிலை ஆய்வு மையத்தின் நாள் கணக்கும் 8.30 முதல் 8.30 வரைதான், ஒப்பிடச் சுலபம்.

தனியாக அளப்பதைவிடச் சோடியாக அளப்பதில்தான் விஷயம் இருக்கிறது. மலைக்கு மறுபக்கம் இருக்கும் ஒரு சொந்தக்காரரையோ நண்பரையோ பிடித்து அதே மாதிரிப் பாத்திரம் வைக்கச் சொல்லுங்கள். படி 2-இல் போட்ட அம்பு சரி என்றால், ஜூலையில் ஒருவருக்கு அதிகம், நவம்பரில் நிலைமை மாறும். மாறவில்லை என்றால் இடையில் நீங்கள் கவனிக்காத ஒரு குன்றோ திறப்போ இருக்கும். வரைபடத்துக்குத் திரும்பிப் போங்கள்.

படி 10: மலை பொறுப்பேற்காத மழை

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. கடலோரச் சமவெளி, பக்கத்தில் பெயருக்குக்கூட மலை இல்லை. காற்றுச் சுழற்சியும் கடலிலிருந்து இடைவிடாமல் வந்த ஈரமும் ஒரே இடத்தில் குவிந்தால் மலை தேவைப்படாது. ஆகவே புயல், காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி நாட்களை உங்கள் கணக்கேட்டில் வேறு நிறத்தில் குறித்து வையுங்கள். அவற்றைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் மலையின் கைவரிசை மறைந்துபோகும்.

கைபேசிச் செயலிகளையும் இதே எச்சரிக்கையோடு பாருங்கள். உலகளாவிய கணினி மாதிரிகள் பூமியை ஏறத்தாழ 9 முதல் 25 கி.மீ. அகலக் கட்டங்களாகப் பிரித்துப் பார்ப்பவை. அவலாஞ்சியும் அதை ஒட்டிய பள்ளமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கினால் சிகரமும் பள்ளமும் சராசரியாகி, மொட்டையான ஒரு மேடு மட்டும் மிஞ்சும். ஜூலையில் 850 மட்டத்தில் மேற்குக் காற்று மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் ஓட, செயலி கோவைக்கு ‘மிதமான மழை’ என்று காட்டினால், பீளமேட்டில் இருப்பவர் துணியைத் தைரியமாகக் காயப்போடலாம். சிறுவாணி அடிவாரத்துக்குப் போகிறவர் குடையோடு மாற்றுத்துணியும் எடுத்துக்கொள்ள வேண்டும்.